காந்தம் இல்லாத ஸ்பீக்கர்

12, புதன்

எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அவலூர்பேட்டை கல்யாணத்தில் மைக்செட் அவிழ்த்து, மதியம் கடைக்கு. மூலையில் கதவு உயரத்துக்கு இரண்டு பலகைகள். ஸ்பீக்கராம். தொண்டூர்க்காரர், வெளிநாட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி இல்லை, கனம் இல்லை. பின்னால் கரண்ட் பிளக் வேறு. ஸ்பீக்கருக்கு எதற்குக் கரண்ட்?

ஆரோக்கியம் கிளம்பும்போது: "வேல முடிஞ்சிடுச்சிண்ணே. சனிக்கெழம வருவாரு, குடுத்துடு. தொறக்காத."

பன்னிரண்டு வருஷக் கூட்டாளி. கடைக்கு இரண்டு சாவி, அவனிடம் ஒன்று. ஒருநாளும் என்னிடம் தொறக்காத என்று சொன்னதில்லை.

13, வியாழன்

வாங்க: ஈயம், பியூஸ், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

அவன் மண்டகப்பட்டுக்கு ஒயர் இழுக்கப் போனதும் திறந்துவிட்டேன். திருகாணியில் புதுக் கீறல். உள்ளே காந்தம் இல்லை, கம்பிச் சுருள் இல்லை. ஓட்டை போட்ட இரண்டு தகடு, நடுவில் கேரிபேக்கைவிட மெல்லிய தாள். அவ்வளவுதான். இரண்டிலும் அப்படியே. காந்தத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல கிராக்கி. கழற்றி விற்றுவிட்டானோ? தொண்டூர்க்காரருக்கு போன் போடலாம். காந்தம் எங்கே என்று அவர் கேட்டால்? பழையபடி மூடி வைத்தேன்.

14, வெள்ளி

மாத்திரை மறந்துபோச்சு.

இரும்புக் கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஆரோக்கியம் காந்தம் ஏதாவது போட்டானா என்று.

"இன்னாப்பா, அவனப் போயி சந்தேகப்படுறியா?"

இல்லை என்றேன். சொன்னது எனக்கே நம்பும்படி இல்லை.

சாயங்காலம் ஆரோக்கியம் டீ வாங்கி வந்தான். எனக்கு மட்டும். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

15, சனி

தூறல். தொண்டூர்க்காரர் வந்தார். நானே முந்திக்கொண்டு, காந்தத்தைக் காணோம் சார் என்றேன். சிரித்தார்.

"இதுல காந்தமே கெடையாதுங்க. நடுத்தாள்ல ஆயிரக்கணக்குல வோல்ட் ஏறி நிக்கும். பாட்டு ரெண்டு தகட்டுக்கும் போவும். ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். தாள் ஆடும், காத்து ஆடும். அதான் சத்தம். பிளக்க புடுங்குனப்புறமும் உள்ள கரண்ட் நிக்கும். உங்க ஆளுகிட்ட சொன்னேனே. 'எங்கண்ணன் எதப் பாத்தாலும் தொறந்துடும், நான் சொல்லி வெக்கிறேன்'னாரு."

அறுந்த ஒயரை ஆரோக்கியம் சுத்தமாக ஒட்டியிருந்தான். பாட்டுப் போட்டார். பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

வாசலில் ஆரோக்கியம். பாட்டு முடியும்வரை கேட்டான். அவர் கிளம்பிய பிறகு உள்ளே வந்தான்.

"காந்தம் கெடைச்சிதாண்ணே?"

இரும்புக் கடையில் நான் கேட்டது அவன் காதுக்குப் போயிருக்கிறது. மேசைமேல் எதையோ வைத்துவிட்டு மழையிலேயே போனான்.

இரண்டு சாவியும் இப்போது என்னிடம்.