நகரும் கறை

மார்ச் 4

அன்புள்ள அச்சுக்காரிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் பேசலாமே என்று மறுபடியும் கேட்காதே. போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதி வைத்தால், அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு நீ மழுப்ப முடியாது.

இத்துடன் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு கேமராக்களை அனுப்பி, காட்டுயிர்ப் படம் எடுக்க எது தேவலை என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று பெரியது, அதன் லென்ஸைத் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். மற்றது கைக்கு அடக்கமானது. இப்போது எழுதுகிறவர்கள் திரையில் பெரிதாக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். திரையில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். தாளில் வந்து நிற்கட்டும், அப்போது பார்க்கலாம்.

ஏரிக்கரை நாணலுக்குள் உட்கார்ந்து, ஒரே ஆந்தையை ஒரே காலையில் இரண்டாலும் எடுத்தேன். நல்ல தாளில், ஜன்னல் அளவுக்கு அச்சுப் போட்டு அனுப்பு. எது எந்தக் கேமரா என்று எழுதாதே. கூர்மை ஏற்றுகிறேன், மெருகு சேர்க்கிறேன் என்று உன் கைவரிசையையும் காட்டாதே.

உன்
ஒற்றைக்கண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அம்மா வைத்த பெயரை இன்னும் விடவில்லையா? "படம் புடிக்கிறப்போ ஒரு கண்ண மூடுற, சரி. படத்தப் பாக்கிறப்போ எதுக்குடா மூடுற?" என்று அவள் கேட்பாளே. இன்னும் அப்படித்தானே, இடது கண்ணை இறுக்கிக்கொண்டு, வலது கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு?

படங்கள் இரண்டும் அட்டைக் குழலில் வருகின்றன. அண்ணா, பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த ஆந்தை என் கடையையே நிறுத்திவிட்டது. அச்சு இயந்திரத்திலிருந்து ஆந்தையின் தலை வெளியே வந்ததும், கடையில் இருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு கண்ணில் நாணல் பிரதிபலிப்பதுகூடத் தெரிகிறது. எந்தக் கேமரா என்று சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்
தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

குழலைப் பிரித்தேன். என்ன வேலை இது?

ஆந்தையின் கண்ணைப் பார்த்தால் அங்கே ஒரு சாம்பல் திட்டு. ஈரக் கையால் தேய்த்த மாதிரி. சரி, மையில் கோளாறு என்று அலகைப் பார்த்தேன். அங்கேயும் திட்டு. ஓரத்து நாணலைப் பார்த்தேன், அங்கேயும் அதேதான். போதாததற்கு, நேராக நின்ற நாணல் எல்லாம் இடுப்பு ஒடிந்ததுபோல் நெளிகிறது. ஒரு கேமராவின் லென்ஸ் மோசம் என்றால் ஒப்புக்கொள்வேன். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால், அது உன் கடைக் கோளாறுதான்.

பக்கத்து வீட்டு டெய்லர் எட்டிப் பார்த்தான். "ஆந்த என்னையே மொறைக்குது சார், ரெண்டு கண்ணும் அவ்ளோ தெளிவா இருக்கே!" என்றான். காஜா எடுக்கிறவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? "போய் உன் பொத்தானப் பாருடா" என்று அனுப்பிவிட்டேன்.

உன்னைப் படிக்க அனுப்பினார்கள், என்னைப் போட்டோக் கடையில் வேலைக்கு நிறுத்தினார்கள். நானாகத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இப்படி ஒரு பிரிண்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வேறு தாளில் மறுபடி போட்டு அனுப்பு.

அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேறு தாளில், வேறு இயந்திரத்தில் போட்டு அனுப்புகிறேன். ஆனால் கோபப்படாமல் இந்தக் கடிதத்தை முழுக்கப் படியுங்கள்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணைப் பார்த்தால் கண்ணில் திட்டு, அலகைப் பார்த்தால் அலகில் திட்டு, ஓரத்தைப் பார்த்தால் ஓரத்தில். தாளில் உள்ள கறை நகராது அண்ணா.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் அந்த ஆந்தையைப் பாருங்கள். அவ்வளவுதான்.

கண் டாக்டர் ஒருவர் படம் போட எங்கள் கடைக்கு வருவார். அவரிடம் சொன்னேன். "நேரா இருக்கிற கோடு நெளியுதுன்னு சொல்றாரா? கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. உடனே வரச் சொல்லுங்கம்மா. இப்ப வந்தா ஊசி போட்டு நிறுத்திப் பாக்கலாம். நாள் கடத்துனா, போனது போனதுதான்" என்றார்.

வேலை ஓடுகிறதே, படம் கூர்மையாக வருகிறதே என்று நினைக்காதீர்கள். இந்தக் கேமராக்கள் ஆந்தையின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடித்துவிடுகின்றன. புறப்பட்டு வாருங்கள். மாடி அறையைத் தயார் செய்துவிட்டோம்.

தங்கை


ஏப்ரல் 3

தங்கைக்கு,

வேறு தாள், வேறு இயந்திரம், அதே அழுக்கு. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் என் கண்ணில் பழியைப் போடுகிறாய். நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்தேனே, குருடனா படித்தான்? இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படித்தேன் என்பாய். கடிதம் வேறு, படம் வேறு. இந்த வலது கண்தான் எனக்குச் சோறு போட்டது. படம் என்றால் அந்தக் கண்தான். இன்றுவரை இடது கண்ணால் ஒரு படத்தையும் பார்த்ததில்லை, இனியும் பார்க்க மாட்டேன். பார்த்தால், நீ சொன்னதை நம்பினேன் என்று ஆகிவிடும்.

டெய்லரும் உன்னோடு சேர்ந்துகொண்டான். "வண்டி கூப்பிடட்டா சார், ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன்" என்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

பத்திரிகைக்குத் தீர்ப்பை அனுப்பியாயிற்று: இரண்டு கேமராவும் தேறவில்லை.

கண் என்ற வார்த்தையை இன்னொரு முறை எழுதினால், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். இதுதான் முடிவு.

அண்ணன்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரி. அந்த வார்த்தையை எழுதவில்லை. ஆந்தையைப் பற்றியும் பேசவில்லை.

இத்துடன் வேறொரு படம் வைத்திருக்கிறேன். என் கடை திறந்த அன்று நீங்கள் எடுத்தது. மேசையில் கை ஊன்றி நான் நிற்பேன். "பல்லக் காட்டாதடி, வெளிச்சம் பட்டுத் தெறிக்குது" என்று திட்டினீர்கள். அதைக் கேட்டு இன்னும் அதிகமாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது. எதையும் தொடாமல், நீங்கள் எடுத்தபடியே போட்டிருக்கிறேன். எப்படி வந்திருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

முப்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். சண்டை போட இல்லை. உங்களைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! கதவை மட்டும் திறந்தால் போதும்.

உங்கள்
தங்கை


ஏப்ரல் 18

அச்சுக்கடை அம்மாவுக்கு,

படம் வந்தது. வழக்கம்போல் வெளிச்சத்தில் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மேசை இருக்கிறது. பின்னால் அலமாரி இருக்கிறது. உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை.

வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். அழித்த விளிம்புகூடத் தெரியவில்லை. அலமாரிப் பக்கம் பார்த்தால் ஓரத்தில் நீ சிரிப்பதுபோல் ஒரு சாயல். திரும்பிப் பார்த்தால் இல்லை. அது எனக்கு நினைவிருக்கிற சிரிப்பாக இருக்கும்.

ஆந்தையைக் கெடுத்தது தவறுதலாக என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. அண்ணனுக்குப் பார்வை போய்விட்டது என்று அவனையே நம்பவைத்து, கேமராவைக் கீழே வைக்கச் செய்து, மாடி அறையில் உட்கார்த்திச் சோறு போட வேண்டும் உனக்கு. நான் மசியவில்லை என்றதும், இனி எனக்குத் தங்கை இல்லை என்று சொல்ல இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறாய். நான் எடுத்த படத்திலேயே.

வாயால் சொல்லியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி உன்னிடமிருந்து வருவதைப் பிரிக்க மாட்டேன். முப்பதாம் தேதி வர வேண்டாம். முகம் இல்லாதவர்களுக்கு நான் கதவு திறப்பதில்லை.

இப்படிக்கு
புகைப்படக்காரன்