பை ஒட்டாத செவ்வாய்க்கிழமை

செவ்வாய், இரவு.

குடல் ஆபரேஷனில் குடலின் வாயை வயிற்றில் திறந்து வைத்து, அதன்மேல் ஒட்டிய மலப்பையோடு மூன்றாவது மாதம். இன்று புளியங்குடி ஆபீஸுக்குப் போகும்போது பஸ்ஸில் பை கசிந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள், "ஏதோ வாடை அடிக்கி" என்று மூக்கைப் பொத்தினாள். வழியிலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பையைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது. வீட்டுக்காரர் தேங்காயெண்ணெயோடு வந்தார். நான் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"எண்ணெய் தடவாதீங்கக்கா, பை ஒட்டாது. குடல்வாய் இப்ப சுருங்கியிருக்கும். அளந்து பாத்தியளா?"

அளக்கவில்லை. பழைய அளவுக்கே பையில் ஓட்டை வெட்டியிருக்கிறேன்; அந்த இடைவெளியில்தான் கசிந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, குடல்வாயை அளந்து, புதுப் பையில் ஓட்டையைச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

"நாளைக்கு ஆபீஸுக்குப் போவியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"போறேன்" என்றேன். வாசலைத் தாண்டவே பயமாயிருக்கிறது என்று சொல்லவில்லை.