கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தின் கணிதப் புள்ளிகள்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. வெள்ளவத்தைச் சந்தியில் செருப்பு அறுந்தது. கந்தோரில் வேலைக்கு லேற்.

எங்கள் கல்வி ஆய்வுத் திட்டத்தின் அறிக்கை வெள்ளிக்குள் முடிய வேண்டும். தரம் ஐந்துப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள், பள்ளிக்கூடம் வாரியாகச் சராசரி. கடைசியில் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்று. உச்சிக்குக் கிட்ட என் மகள் படிக்கும் பள்ளிக்கூடம். திட்டத் தலைவருக்குத் திருப்தி. "வடிவான பட்டியல். கடைசியில நிக்கிறதை மூடி, பிள்ளையளை வேற இடத்தில சேர்க்கச் சொல்லி எழுதும்."

எனக்குத் திருப்தியில்லை. பிள்ளைகள் எந்த மட்டத்தில் தொடங்கினார்கள் என்பது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கொட்டாஞ்சேனை. இதே பிள்ளைகள் தரம் மூன்றில் எடுத்த புள்ளிகள் வேண்டும். மற்றப் பள்ளிக்கூடங்கள் முன்பே தந்துவிட்டன. இங்கு கணிதம் படிப்பிக்கும் ராஜேஸ்வரி டீச்சர், மலையகத்து ஹட்டன்காரர், முகம் கொடுத்தே கதைக்கவில்லை.

"அப்ப பாதிப் பேருக்குக் கழித்தலே தெரியாது மிஸ். அதையும் எழுதி அசிங்கப்படுத்தவா?"

"இல்ல டீச்சர். எங்கயிருந்து எங்க கொண்டு வந்தனீங்கள் எண்டு பாக்க."

டீச்சர் சாவியை எடுத்தார். போய்ப் பழைய புள்ளிப் பதிவேட்டை எடுத்து வந்தார்.

வாங்க: பால்மா, மகளுக்குக் கொம்பாஸ் பெட்டி, செருப்பு.

ஜூன் 19, வியாழன்

கணக்கு முடிந்தது. ஒரே மட்டத்தில் தொடங்கிய பிள்ளைகளை ஒப்பிட்டால் கொட்டாஞ்சேனை மேல் பாதியில். மகளின் பள்ளிக்கூடம் நடுவில். திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிள்ளைகள் குறைவு, எத்தனையாம் இடம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைசி இல்லை. அது நிச்சயம்.

வீட்டில் என் கணவர்: "அந்தப் பள்ளிக்கூடத்தில இடம் எடுக்க எவ்வளவு அலைஞ்சனாங்கள்! மற்ற அம்மாமாரிட்டச் சொல்லிப்போடாதையும்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தலைவர்: "இந்தச் சிக்கலெல்லாம் ஆருக்கும் விளங்காது. சராசரியை மட்டும் போடும்."

"அப்ப என்ர பெயரை எடுத்துவிடுங்கோ, சேர்."

 கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர்தான் எழுந்து போனார்.

தேநீர் நேரத்தில் கூப்பிட்டார். இரண்டு பட்டியலும் ஒரே பக்கத்தில். மூடும் சிபாரிசை வெட்டியிருந்தார். "பிடிவாதக்காரி" என்றார், கோபமில்லாமல்.

உடனே டீச்சருக்குப் போன்.

"அப்ப ஸ்கூல மூட மாட்டாங்களா மிஸ்?"

"அது என்ர கையில இல்ல டீச்சர். ஆனா எங்கட அறிக்கையைக் காட்டி மூட ஏலாது."

 பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"சரி மிஸ், வைக்கிறேன். பின்னக் கணக்கு பாதியில நிக்குது."