கீழே போட்டால் எடுத்துத் தருகிற ஆள்

பவ வருடம், ஆவணி 22

வெட்கமான விஷயம். ஆனாலும் எழுதி வைக்கிறேன். நடவு ஆட்களுக்குத் தலைமையாக என் பெண்சாதி தனக்கொடி வரப்பில் ஒரு நடை நடப்பாள். அந்த நடையை நேற்று எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நடந்து காட்டினேன். நன்றாகத்தான் வந்தது. திரும்பும்போது வழுக்கி, கால் மடங்கிவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர், இரண்டு மாதம் ஏர்ப் பக்கம் போகாதே என்றார். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். மாடு தள்ளிவிட்டது என்றேன். பின்னால் நின்ற தனக்கொடி, "ஆமாங்க, ரெண்டு கால் மாடு" என்றாள்.

ஆவணி 25

வெட்கம் தீரவில்லை. நடவுக்கு வருகிறவர்கள் கைப்பிள்ளைகளை ஏரிக்கரைப் பூவரசில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் நடவுக் கூலிதான். வழக்கமாகப் பார்க்கிறவள் மூலக்குளத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். "வூட்ல குந்திக்கினு இருக்கறத மரத்தடியில குந்து" என்று தனக்கொடி என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். இந்த மீசையை வைத்துக்கொண்டு! எரு வண்டியோடு போன மாரிமுத்து பார்த்துவிட்டான். நாளைக்கு வீராம்பட்டினம் வரைக்கும் தெரிந்துவிடும்.

ஆவணி 28

சின்னபொண்ணு மகன் ராமுவுக்குக் கொட்டாங்கச்சி கொடுத்தால் கீழே போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறான். போட்டுவிட்டுக் கொட்டாங்கச்சியைப் பார்ப்பதில்லை, என் மூஞ்சியைப் பார்க்கிறான். ஏன்? கை வழுக்குகிறதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. எனக்கு வேலை வைக்கிறான், வெள்ளைக்கார துரை மாதிரி.

ஆவணி 29

கொட்டாங்கச்சி. இடுப்பு வலி.

புரட்டாசி 2

சின்னபொண்ணு இரண்டு பிள்ளை தூக்கி வருகிறாள். ஒன்று பெற்ற ராமு. மற்றது அவள் தம்பி நாகராஜனின் பெண், கஸ்தூரி. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். நாகராஜனுக்குப் புதுச்சேரியில் ஆலை வேலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்தவை, ஆண்டு நிறைந்துவிட்டது. ராமு பிடித்துக்கொண்டு நிற்கிறான். கஸ்தூரி உட்காரவே இல்லை. அழுவதும் இல்லை. சின்னபொண்ணு போனாலும் பார்ப்பதில்லை, வந்தாலும் பார்ப்பதில்லை. பெண்கள் எல்லாரும் தங்கமான பிள்ளை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொட்டாங்கச்சியைக் கையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒரே கூரை, ஒரே வீட்டுக் கஞ்சி. பிறகு ஏன்?

புரட்டாசி 5

கேட்டே விட்டேன். சின்னபொண்ணு கோபித்துக்கொள்ளவில்லை. நேரத்துக்குப் பாலாடையில் ஆட்டுப்பால் ஊற்றுகிறாள், குளிப்பாட்டுகிறாள், தூளியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கிறாள், மாட்டைப் பார்க்கிறாள். "அவன் கத்துறான், தூக்குறேன். அது கத்தல, அதுபாட்டுக்குக் கெடக்குது. எனக்கு ரெண்டு கைதான மாமா?"

அதுவும் நியாயம்தான். போகும்போது இன்னொன்று சொன்னாள். பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று நாகராஜன் முடிவு கட்டிவிட்டானாம். பொங்கல் கழித்துப் புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளின் அநாதை மடத்தில் விடப்போகிறானாம். அப்பன் இருக்கும்போதே அநாதையா? எனக்கு இன்னா போச்சு — ஆனா மனசு கேக்கல. மந்தம்னு யாரு பாத்தா? யாருதான் அதப் பாத்தா?

புரட்டாசி 9

தூளியை விட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாடு மாதிரி கத்தினேன், வரி கேட்டு வருகிற மேரி ஆபீஸ் சேவகன் மாதிரி முறைத்தேன். அசையவில்லை. என் சேட்டைக்குச் சிரிக்காதவர்கள் இந்தக் கொம்யூன் ஊர்களிலேயே இரண்டு பேர்தான். ஒன்று கஸ்தூரி, இன்னொன்று தனக்கொடி.

கடைசியில் சும்மா ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டேன். தும்மல் வந்தது. கண் திரும்பியது! என் பக்கம்தான்.

புரட்டாசி 10

தும்மினேன்.

புரட்டாசி 11

பொடி தீர்ந்தது. மூக்கு வீங்கியிருக்கிறது. அவள் பொடி டப்பாவைப் பார்க்கிறாள்.

புரட்டாசி 23

டப்பாவை எடுத்தாலே சிரிக்கிறாள், தும்மவே வேண்டியதில்லை. நல்ல காலின் மேல் சாய்த்து வைத்தால் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். மீசை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள்.

இன்றைக்கு ஒன்று தோன்றியது. பிறந்த புதிதில் இதுவும் அழுதுதான் பார்த்திருக்கும். யாரும் வரவில்லை. பிறகு விட்டுவிட்டதோ? வராத ஆளை எத்தனை நாள் கூப்பிடும்? ராமு கொட்டாங்கச்சியைப் போடுவது, எடுத்துத் தர ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்துதானே. இவளுக்கு அது தெரியாது. அதைப் படிக்காமல் உட்காரவும் நிற்கவும் எதற்குப் படிப்பாள்?

நான் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனவன். தப்பாகவும் இருக்கலாம்.

ஐப்பசி 8

களையெடுப்பு. கஸ்தூரியைத் தூளியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கப் போனேன். பின்னால் ஒரு அழுகை. புதுக் குரல். கன்றுக்குட்டியோ என்று பார்த்தால் — கஸ்தூரி! கட்டுக் காலோடு ஓடினேன். தூக்கியதும் நிறுத்திவிட்டாள். வயலில் இருந்தவர்கள், தங்கமான பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டினார்கள். தனக்கொடி மட்டும் கையில் பிடுங்கிய களையோடு அப்படியே நின்றாள். பிறகு, "அழுவட்டும். இத்தினி நாளா எங்க வச்சிருந்துதோ" என்றாள்.

எங்கள் வீட்டு விட்டத்தில் தூளி கட்ட இதுவரை வேளை வரவில்லை.

கார்த்திகை 3

கால் கட்டு அவிழ்த்தாயிற்று. மரத்தடி வேலையும் முடிந்தது. இருந்தாலும் சின்னபொண்ணு காலையில் கஸ்தூரியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். விட்டத்தில் தூளி தொங்குகிறது. தனக்கொடிதான் கட்டினாள். இருட்டில் நடந்து போய் முட்டிக்கொண்டேன்.

மார்கழி 16

தவழ்கிறாள். நேராக என் வெற்றிலைப் பைக்கு.

தை 5

நாகராஜன் வந்தான். மடத்துக்கு அழைத்துப்போகப் புதுக் கவுன் வாங்கி வந்திருந்தான். பெற்றவன் கேட்கிறான், நான் யார்? கொடுத்தேன். அவன் கைக்குப் போனதும் கஸ்தூரி அலறிய அலறலில் மாடுகள் திரும்பிப் பார்த்தன. ஒரு கையால் என் மீசையைப் பிடித்தாள், விடவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"மாமா, இதுக்கு ஆள் தெரியுதா?" என்றான்.

"தெரியுது மாப்ளே. உன்னத்தான் தெரியல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வெகு நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவை நீட்டினேன். வழக்கமில்லாத ஆள், போட்டுவிட்டுப் பலமாகத் தும்மினான். கஸ்தூரி அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் இன்னொரு முறை தும்மினான், பொடி போடாமலே.

கவுனை வைத்துவிட்டுப் போனான். பிள்ளையையும். "ஞாயித்துக்கெழம வரேன் மாமா" என்றான்.

மாசி 12, ஞாயிறு

வெல்லம் காய்ச்சினேன். நாகராஜன் கஸ்தூரியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். இப்போதெல்லாம் ஞாயிறு தவறுவதில்லை. என் பொடி டப்பாவை அவள் கை நீட்டிக் கேட்டாள், கொடுத்தேன். பாகுக் கொப்பரைக்கு எட்டத்தான் நின்றிருந்தான். அவள் எறிந்தது எட்டியது. எறிந்துவிட்டு டப்பாவைப் பார்க்கவில்லை, அவன் மூஞ்சியைப் பார்த்தாள். கொதிக்கிற பாகு, அவனால் எடுத்துத் தர முடியவில்லை. அகப்பையால் நான் எடுத்தபோது டப்பா மட்டும் வந்தது. பொடி வரவில்லை. வெல்லம் வில்லியனூர் சந்தைக்குப் போயிற்று. வாங்கினவர்கள் யாரும் தும்மியதாக இதுவரை தகவல் இல்லை.