கௌரிக் காப்பும் அண்ணன் வீட்டுப் படலையும்

இஞ்சாரும் பவளம்,

வீட்டிலே கூப்பிட்ட மாதிரியே உம்மைக் கூப்பிடுகிறேன். பத்திரிகையில் நாலு பேர் வாசிக்கப்போகிற கடிதம் என்பதற்காக வேறு விதமாக அழைக்க மனம் வரவில்லை.

இன்றைக்குக் கேதார கௌரி விரதம் தொடங்கிவிட்டது. எங்கள் மகள் வதனி விடியவே முழுகி, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள். பொழுதுபடும் வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாளாம். தீபாவளி அமாவாசையில் காப்பு நூல் வாங்கும் வரைக்கும் இப்படித்தான். நீர் விட்டுப்போன விரதத்தை அவள் எடுத்திருக்கிறாள்.

உம்முடைய ஒரு வருச ஆட்டைத் திவசம் முடிந்த கிழமையே என்னிடம் கேட்டாள். எனக்கும் விருப்பம்தான். ஆனால் எங்கள் கோயில் வழக்கம் உமக்குத் தெரியும். தாயின் விரதத்தை மகள் முதன்முதலாக எடுக்கும்போது, குடும்பத்துச் சுமங்கலி ஒருத்தி பக்கத்தில் நின்று பூசைத் தட்டத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருக்கிற சுமங்கலி ஒருவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இராச மச்சாள், என் அண்ணன் பெண்சாதி.

“விரதம் வேண்டாம். அம்மாவோடை முடிஞ்சுது” என்றேன்.

“உங்கடை கோவத்துக்கு நான் ஏன் அப்பா அம்மாவின்ரை விரதத்தை விடவேணும்?”

“அப்ப போய்க் கேள். நான் மறிக்கேல்லை.”

“களவாப் போறமாதிரி நான் ஏன் போகவேணும்? பேச்சை நிப்பாட்டினது நீங்கள். நீங்கள்தான் கேக்கவேணும்.”

என் கோபம் சின்னக் கோபமில்லை. வாசிக்கிறவர்களும் அறியட்டும். நான் சோதனைகள் பாஸ்பண்ணி அரசாங்கக் கந்தோரில் பேனை பிடித்தேன். எங்களைப் பெற்ற ஐயா தெற்கே இருந்த கடையை முழுவதுமாக அண்ணனுக்கே எழுதினார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு புங்குடுதீவுக்கு வந்த அண்ணன், வீட்டு வளவைப் பிரித்தபோது நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தன் பக்கம் போட்டு வேலி அடைத்தார். எல்லாம் இழந்து வந்தவன், விட்டுக்கொடு என்றது ஊர். அதற்குப் பிறகு நீர் தெருக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடம் சுமந்தபோது அந்த ஊர் எங்கே போனது?

காலையில் பல் விளக்கும்போதே வேலியைப் பார்த்து, “கட்டையிலை போவான்” என்று தொடங்கிவிடுவேன். “இஞ்சாருங்கோ, விரத நாளிலையெண்டாலும் வாயை அடக்குங்கோ” என்று நீர் குசினிக்குள் இருந்து கெஞ்சுவீர். நான் அடக்கியதில்லை.

முந்தநாள் பின்னேரம் போய் அண்ணன் வீட்டு வாசல் படலையைத் தட்டினேன். அண்ணன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

“ஆரது, துரையோ? கந்தோருக்குப் போற வழி மறந்துபோச்சோ?”

“மச்சாளைக் காண வந்தனான்.”

“இராசம், பெரிய உத்தியோகத்தர் வந்திருக்கிறார். கதிரையைத் துடைச்சுப் போடு.”

மச்சாள் மாவுக் கையோடு வெளியே வந்தார். நான் கேட்டு முடிக்கவில்லை.

“ஓம் தம்பி, வதனிக்கும் சேர்த்துத்தான் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன். பவளமும் நானும் ஒண்டாத்தானே இந்த விரதம் பிடிச்சனாங்கள்.”

“ஒண்டாவோ?” என்று அண்ணன் நிமிர்ந்தார். அவருக்கும் தெரியாது.

“ஒண்டாத்தான். நீங்கள் ரெண்டு பேரும் வேலியாலை எறிஞ்ச சொல்லுகளைக் கேக்க ஏலாமல் நாங்கள் ஒரு முடிவு எடுத்தனாங்கள். அவள் பட்டினி கிடந்து வாங்கின காப்பை இவருக்குக் கட்டினன். நான் கிடந்து வாங்கினதை அவள் உங்களுக்குக் கட்டினவள், தம்பி. வருசா வருசம் கோயில் வீதியிலை மாத்திக்கொண்டுதான் வந்தனாங்கள். தம்பி, இவரைத் திட்டினால் உங்கடை பெண்சாதியின்ரை விரதம் கெடும். இஞ்சாருங்கோ, தம்பியைத் திட்டினால் என்ரை விரதம் கெடும்.” எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாத்தான் கெடுத்தியள்.”

அண்ணன் காப்புக் கட்டுகிற வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பவளம், வெறும் வயிற்றோடு நீர் அண்ணனின் ஆயுளுக்காகக் கும்பிட்டு நின்றிருக்கிறீர். நான் வயிறு நிறையத் தின்றுவிட்டு அதே ஆயுளைச் சபித்திருக்கிறேன். உமது பசியின் மேல் துப்பியிருக்கிறேன். ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நூலை அறுத்து வேலிக்கு மேலால் எறிந்திருப்பேன் என்று தெரிந்துதானா? இவன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டா இத்தனை காலம் எனக்குச் சோறு போட்டீர்?

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு” என்றார் அண்ணன், என்னிடமல்ல, மச்சாளிடம். நின்றபடியே குடித்தேன்.

இன்று விடிய மச்சாள் எங்கள் வாசலுக்கு வந்தார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, என்ரை காப்பு ஆருக்கெண்டு பெரியம்மாதான் சொல்லுவாவாம். நீங்கள் கேக்கப்படாது.”

“கேக்கமாட்டன்” என்றேன்.

அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று உமக்குப் பொய் எழுதமாட்டேன். கிணறு இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஆனால் எங்கள் பிள்ளை பசி கிடந்து பிடிக்கிற விரதம் என் வாயால் கெடாது. இது உமக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

உம்முடைய மனுசன்,
வதனியின் அப்பா