புளியங்கொட்டை அளவு உலோகம்

சேசு மரி சூசை

சாந்தோம், சென்னை
12-8-1945, ஞாயிற்றுக்கிழமை

பிரிய தம்பி பவுல்சாமிக்கு,

அண்ணன் பிரகாசம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி கிளாடிசுக்கு முட்டிவலி தேவலை. ஹூப்ளியில் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? மே மாதம் நீ வேலை மாற்றிக்கொண்டு போனதிலிருந்து அண்ணி பெயருக்கு இரண்டு கார்டு வந்தது. என் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை.

அங்கேயும் பத்திரிகை பார்த்திருப்பாய். எனக்குச் செய்தி கிடைத்தது பத்திரிகையில் அல்ல, கடற்கரை ரேடியோவில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாம் வழக்கமாக உட்காரும் அதே ஒலிபெருக்கிக் கம்பத்தடியில். ஜப்பானில் ஹிரோஷிமா என்ற பட்டணத்தின் மேல் ஒரே ஒரு குண்டு போட்டார்களாம். அணுவின் சக்தியால் ஆனதாம். இருபதாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமமாம். வாசித்தவர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். 

பிறகு தியாகராய நகர் ஜவுளிக்கடைத் தனபாலன் துள்ளி எழுந்தார். ரேடியோவில் உன் நாடகம் கேட்பதற்கென்றே வாராவாரம், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வருவாரே, அவர்தான். "சார், இது நம்ம நாடகத்துல வந்ததுல்லா!" என்று கத்தினார். "சயன்ஸ் சார் தோத்துட்டார்" என்று யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். நான் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். 

அந்தச் சித்திரை மாதச் சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். என் வாயால் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று ஒன்பதாவது வாரம். உன் நாடகத்தில் வரும் தீவு ராஜ்யத்து விஞ்ஞானி, புளியங்கொட்டை அளவு உலோகத்தை வைத்துக்கொண்டு, இதற்குள் ஒரு பட்டணத்தை எரிக்கும் நெருப்பு இருக்கிறது என்றான். ரேடியோ நின்றதும் விவாதம் தொடங்கிவிட்டது. ரிடையரான தந்தி ஆபீஸ் வலியுல்லா பாய், "ரேடியம் தானாவே சூடாய்க்கினு கீதே, வாத்தியாரே, அந்தச் சூடு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். பி.எஸ்சி. படிக்கும் நீரஜா, யுரேனிய அணுவைப் பிளந்துவிட்டார்கள் என்று யுத்தத்துக்கு முன்பே சஞ்சிகைகளில் வந்தது, நாலைந்து வருஷமாக அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை, அந்த மௌனம்தான் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாள். நான் அவளிடம், பரீட்சையை முதலில் எழுது அம்மா என்றேன். மணலில் விரலால் கணக்குப் போட்டேன். ஒரு பட்டணத்தை அழிக்க எத்தனை கூட்ஸ் வண்டி மருந்து வேண்டும் என்று காட்டினேன். கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியது. கடைசியில், "இதை எழுதினவன் இன்டர்மீடியட் பிசிக்ஸில் கோட் அடித்தவனாகத்தான் இருப்பான்" என்றேன்.

புனைபெயருக்குப் பின்னால் இருப்பது நீ என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாய். வேலை இருக்கிறது போல என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன். கடைசி வாரத்தில் அந்த ஆயுதம் வெடிக்காமலே நாடகத்தை முடித்தாய், மே மாதம் ஹூப்ளிக்கும் போய்விட்டாய்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிலேட்டை எடுத்தேன். எடையைச் சக்தியாக மாற்றும் சூத்திரம் எனக்குத் தெரியாததல்ல, தம்பி. பாடப்புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் நான் நடத்தாமல் விடுகிற அதிகாரம். இருபதாயிரம் டன்னைப் போட்டு வகுத்தேன். ஒரு கிராம்கூட வரவில்லை. தப்பென்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. உன் அண்ணி சமையலறையிலிருந்து புளியங்கொட்டை ஒன்றைக் கொண்டுவந்து சிலேட்டின் மேல் வைத்தாள். அதன் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான் சந்தோஷப்பட்டேன், பவுல். இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். விடை சரியாக வந்துவிட்டதே என்று ஒரு வாத்தியாருக்கு வரும் சந்தோஷம் எனக்கு வந்தது. கிளாடிஸ்தான் கேட்டாள்: "அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்களாம்?" கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தேன். அது வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. கைதட்டிய யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் இரண்டாவது குண்டு, நாகசாகி. இன்று பூசையில் சுவாமியார் பிரசங்கம் செய்யவில்லை. நம் சவேரியார் இந்த மயிலாப்பூரில் தங்கி ஜெபம் பண்ணி நானூறு வருஷம் ஆகிறது, இங்கிருந்து போனவர் பிற்பாடு ஜப்பானிலும் வேதம் போதித்தார், நாகசாகியில் நம்மைப் போலத் தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று மட்டும் சொன்னார். பிறகு, "இருந்தன என்று சொல்ல வேண்டுமோ என்னவோ" என்று சொல்லி முழந்தாளிட்டுவிட்டார்.  எனக்கு ஜெபம் வரவில்லை. கூட்ஸ் வண்டிக் கணக்கும் அன்று கேட்ட சிரிப்பும்தான் வந்தன.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எல்லோரும் இருந்தார்கள். அந்த நாடகத்தை எழுதியது என் தம்பி, அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் அப்படிப் பேசினேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். நீரஜா தலையைக் குனிந்துகொண்டாள். தனபாலன், "அப்போ கடைசி வாரத்துல அந்த ஆயுதம் வெடிக்காமப் போச்சே, அதுவும் உங்களாலதானா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலியுல்லா பாய், "அன்னிக்கு அவர் மொகத்த நான் பாத்தேன், வாத்தியாரே. நீங்கதான் பாக்கல" என்றார்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரை வெளியிட்டுவிட்டேன். அதற்கு மன்னித்துக்கொள்.

உன் அறையை அண்ணி தினம் பெருக்குகிறாள். மண்ணெண்ணெய் ரேஷனில் உன் பங்கை உன் விளக்குக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நாளைக்குக் கடைசி அதிகாரத்தை நடத்தப் போகிறேன். என்ன சொல்லி நடத்துவது என்று தெரியவில்லை. பையன்கள் கேள்வி கேட்பார்கள். இந்தப் பட்டணத்தில் அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். நீயோ இங்கே இல்லை.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் ஒரு கார்டு போடு. திட்டி எழுதினாலும் சரி, என் பெயருக்கு எழுது. பேர் தெரியாத அந்த ஜனங்களுக்கு ஆண்டவர் இரங்கட்டும். உனக்கு ஒரு குறையும் வராமல் தேவமாதா காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்
பிரகாசம்