மூன்றாவது கம்பி

பைஸர் நானா கடையின் பின்வீடு,
ஹட்டன்.
மாசி மாதம், 1965.

என்மேல் பாசமும் ஆபீஸ்மேல் பயமும் வைத்திருக்கிற அத்தானுக்கு,

பூரணி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை, புத்தியும் ஒரு நிலையில் இல்லை என்று கொழும்பிலிருந்து வந்த உங்கள் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மேல்விலாசம் மாறியிருக்கிறதே என்று பார்ப்பீர்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ராக்காயி அக்கா. நீங்கள் நாலு வரிக்கு ஒருதரம் அவர்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து, இப்போது புதுத் தோல் வருகிறது. இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. நாளாக நாளாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம். ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்து இடது கையால் சோறு பிசைய முடியாமல் எல்லாரையும் ஏசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏச்சைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. உங்களை மட்டும் ஏசவில்லை. அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். பெரிய கிளாக்கர் இங்கிலீசில் டைப் அடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிற தாள். தோட்டத்து ஆபீசில் தாள்களைப் படியெடுக்கிற கொப்பி மெசினுக்கு நீங்கள் கம்பியைத் தப்பாகக் கொடுத்ததால்தான் ராக்காயிக்குக் கரண்ட் அடித்தது, மெசின் விழுந்து கண்ணாடி நொறுங்கியது, அது முழுக்க உங்கள் பிழை என்று அதில் இருக்கிறதாம். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம் பூரணி, கையெழுத்தைப் போட்டுவிட்டால் தோட்டத்து வேலைப் பதிவில் உன் பேரும், நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் மிஞ்சும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இருக்கலாமா? நல்லா இருக்கிறது கதை! நீங்கள் வேலை செய்வதை நான் பார்த்ததில்லையா? கல்யாணமான புதிதில் பைஸர் நானாவின் ரிப்பேர் கடைக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவருவேனே, அப்போதே பார்த்திருக்கிறேன். ரோனியோவோ வேறெதுவோ, கரண்டில் ஓடுகிற எதைச் சரிபார்த்தாலும், முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று, மெசினின் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள். ஏன் புறங்கை என்று நான் கேட்டதற்கு, உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும் என்றீர்கள். செருப்பு ஏன் என்றதற்கு, நம்ம சனங்கள் வெறுங்காலோடுதானே ஆபீசுக்குள் போகிறார்கள், அவர்களுக்கு அடிக்குமா அடிக்காதா என்று தெரிய வேண்டாமா என்றீர்கள். அப்படிப் பார்க்கிற மனிதர், இந்த மெசினை மட்டும் பார்க்காமல் விட்டிருப்பாராக்கும்!

உங்களுக்கு மறந்திருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். அதைப் பழுது பார்த்த அன்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினீர்கள். இங்கிலீஸ்காரன் மெசினில் சிவப்புக் கம்பி என்றால் கரண்ட் வருகிற கம்பி. இது ஜெர்மன்காரன் மெசின். இதில் சிவப்புதான் மெசின் உடம்பிலிருந்து மண்ணுக்குப் போகிற மூன்றாவது கம்பி, தெரியாதவன் கை வைத்தால் ஆளையே கொன்றுவிடும் என்றீர்கள். அதனால் சிவப்புக் கம்பியில் வெள்ளை நூல் சுற்றிவைத்து, மூன்று கால் பிளக் மாட்டி, இதை யாரும் மாற்றக் கூடாது என்று பெரிய கிளாக்கரிடம் சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னீர்கள். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் கேட்டேன்.

நீங்கள் மெசினைச் சரிபார்த்துவிட்டு வந்தபிறகு நடந்ததைக் கேளுங்கள். மெசின் முன் அறையில் இருந்தவரை அக்கா தினமும் துடைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்குக் கொப்பி எடுத்துத் தாங்க என்று சனங்கள் வந்து நிற்க ஆரம்பித்தது பெரிய கிளாக்கருக்குப் பிடிக்கவில்லை. மெசினைத் தன் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே சுவரில் ரேடியோவுக்குப் போட்ட இரண்டு ஓட்டைதான் இருக்கிறது. பெக்டரி வயர்மேன் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டுப் பிளக்கை மாற்றச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது கம்பிக்கு இடமில்லையே என்று முத்துலிங்கம் கேட்டதற்கு, இருக்கிறதோடு சேர்த்து முறுக்கு என்று சொல்லியிருக்கிறார். சிவப்பு என்றால் கரண்ட் கம்பிதானே, அதைச் சும்மா விடக் கூடாது என்று அந்த மனிதரும் இரண்டில் ஒன்றோடு முறுக்கிவிட்டார். மெசின் ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இதையெல்லாம் முத்துலிங்கமே என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நாலு பேர் முன்னால் வந்து சொல்லுங்கள் அண்ணே என்றேன். பிள்ளை குட்டிக்காரன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அப்புறம் பாவமாகவும் இருந்தது.

மிச்சத்தை பைஸர் நானா விளக்கினார். இரண்டு கால் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் மெசின் ஓடும். ஆனால் ஒரு பக்கம் செருகினால் அந்த முறுக்கின கம்பி வழியாக மெசின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். அன்றைக்கு யாரோ அப்படிச் செருகியிருக்கிறார்கள். சப்பாத்துப் போட்ட கிளாக்கருக்கு ஒன்றும் தெரியவில்லை. கொப்பி எடுக்கிற மருந்துத் தண்ணீர் தரையில் சிந்தியிருந்தது. அக்கா அதில் வெறுங்காலோடு நின்று மெசினைத் துடைக்கக் கை வைத்தார்கள். இவ்வளவுதான் அத்தான். இதில் உங்கள் பிழை எங்கே இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி நொறுங்கினாலும் மெசின் அங்கேயேதான், செருகின பிளக்கோடு இருந்தது. அக்காவுக்கு அடிபட்ட மூன்றாம் நாள் நான் ஆபீசுக்குப் போனேன். தீபாவளிக்கு நீங்கள் எடுத்துத் தந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். படியில் கழற்றிவிட்டுப் போ என்று வாச்சர் சொன்னான். நான் கழற்றவில்லை. நம் தோட்டத்தில் ஆபீஸ் படியைச் செருப்போடு தாண்டின முதல் ஆள் நான்தான் என்று இப்போது சொல்கிறார்கள். பெரிய கிளாக்கர் எழுந்து நின்று கத்தினார். அந்தச் சத்தத்தில் தொரை உள்ளேயிருந்து வந்துவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. 

"மெசினப் போடுங்க. ஐயா சப்பாத்தக் கழட்டிட்டு, ராக்காயி அக்கா நின்ன எடத்துல தண்ணிய ஊத்தி, அதுல நின்னு ஒருக்கா கைய வைங்க. ஒண்ணும் ஆகலன்னா எங்க வீட்டுக்காரரு நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுவாரு" என்றேன்.

தொரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஏசுகிற தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நாம் நினைத்திருக்கிறோம். அவர் பெரிய கிளாக்கரின் முகத்தைப் பார்த்தார். கிளாக்கர் சப்பாத்தையும் கழற்றவில்லை, மெசின் பக்கமும் போகவில்லை. ஓரடி பின்னால் போனார். அதை நான் பார்த்தேன், தொரை பார்த்தார், வாசலில் நின்ற சனமும் பார்த்தது. தொரை உள்ளே போய்விட்டார். மறுநாள் அந்தப் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, வெறும் மெசினை மட்டும் லொறியில் ஏற்றி பைஸர் நானா கடைக்கு அனுப்பினார்கள். குற்றம் செய்யாதவர்கள் பிளக்கை எதற்காக வெட்ட வேண்டும்?

நியாயம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலைப் பெரட்டில் வேலைக்கு எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், என் பேரைக் கூப்பிடவில்லை. கூடையோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பொழுது சாய கங்காணி வந்தார். உன் புருஷன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் பேரும் வெட்டுப்படாது, காம்பராவும் போகாது, பெரிய கிளாக்கர் மனசு வைத்திருக்கிறார் என்று இனிக்க இனிக்கச் சொன்னார். அவர் போன பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. உங்களைப் பிடித்து வைத்திருக்கிற கயிறு அந்தக் காம்பராதான். அது அவர்கள் கையில் இருக்கிறவரை நீங்கள் பயப்படுவீர்கள். பயந்தால் கையெழுத்துப் போடுவீர்கள். நீங்கள் அப்படிப்பட்ட ஆள்தானே.

அதனால் அந்தக் காம்பராவை நானே விட்டுவிட்டேன்.

ஆமாம் அத்தான். சட்டி பானை, உங்கள் டூல்ஸ் பெட்டி, முருகன் படம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டினேன். கதவைப் பூட்டினேன். சாவியைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கர் மேசைமேல் வைத்தேன். இதைக் காட்டித்தானே கையெழுத்துக் கேட்டீர்கள், இந்தாருங்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கும் செருப்போடுதான் போனேன். என் அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த காம்பரா அது, எனக்கு வலிக்காமல் இருக்குமா? ரோட்டில் வளைவு திரும்புகிறவரை அடக்கிக்கொண்டேன். அதற்குப்பிறகு பஸ் வரும்வரை அழுதேன். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போய்த் திரும்புகிற சனம் நிறைந்த பஸ்ஸில் என் சாக்குமூட்டைக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

இப்போது பைஸர் நானாவின் அம்மா சாரா உம்மா வீட்டில் இருக்கிறேன். பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் மிளகாய் இடித்துக் கொடுக்கிறேன், பகலில் கடையில் பில் எழுதுகிறேன். உம்மா என்னைச் சும்மா விடாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். உங்களைக் கொழும்புக்கு அனுப்பினது பிழை என்று நானா இப்போது வருந்துகிறார். தோட்டத்து ஆபீசிலிருந்து பொலிஸ் கிலிஸ் என்று மிரட்டியதால்தான் அனுப்பினாராம். தோட்டங்கள் வேலை கொடுக்காமல் நிறுத்திவிடுமோ என்று அவருக்கும் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்டபோது ஒரே பேச்சாகச் சொன்னார். "ஆண்டியப்பன் அதுல சைன் வெச்சா என்ட கடையும் வெச்ச மாதிரிதான். வெக்க வேணாமுண்டு எழுதுங்க தங்கச்சி" என்றார்.

ராக்காயி அக்காவும் உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. நேற்று நானாவும் நானும் போய்ப் பார்த்தோம். பொலிஸ் வந்தாலும் தொரை வந்தாலும் ஆண்டியப்பன் செய்த வேலையில் பிழை இல்லை என்று தான் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்று கால் பிளக் இருந்தவரை துடைத்த கை என் கைதானே, எனக்குத் தெரியாதா என்றார்கள். வெந்த கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சொன்னார்கள். அந்த அக்கா சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் நீங்கள், "இல்லை, என் பிழைதான்" என்று எழுதிக் கொடுப்பீர்களா? அப்படி எழுதினால் நாளைக்கு இன்னொரு ஆபீசில் இன்னொரு கிளாக்கர் மூன்றாவது கம்பியை முறுக்கச் சொல்வார். யாருடைய கை வேகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்து இல்லாமலே திருப்பிக் கொடுப்போம், நான் கூட வருகிறேன். இனி அவர்களிடம் நம்முடையது ஒன்றும் இல்லை. எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்களை என்ன சொல்லி மிரட்டுவார்கள்?

உங்களைத் தெய்வம் நல்லபடியாக வைத்திருக்கட்டும். உங்கள் கைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாப்பிடுங்கள். இனிமேல் "இருக்கலாம்" என்று எனக்கு எழுதாதீர்கள்.

போகும்போது இருட்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ராத்திரி மெயில் வண்டியில் போனீர்கள். வரும்போது பகல் வண்டியில் வாருங்கள். எல்லாரும் பார்க்கிற மாதிரி ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெரு நடுவால் நடந்து வாருங்கள். நான் கடை வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பிழை இல்லை என்று தெரிந்த,
பூரணி